‘கெர்னல்-பவர் 41’ வந்தால் எஸ்எம்பிஎஸ் பழுதா?

“கேம் ஆடும்போது கணினி உறைகிறதா, தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) ‘கெர்னல்-பவர் 41’ இருந்தால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது, உடனே மாற்றுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கணினி முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. அதுவும் மறுபடி இயங்கத் தொடங்கிய பிறகு எழுதப்படுவது. உறைந்துபோன கணினியைப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நீங்களே அணைத்தாலும் இதே 41 வரும். பெயரில் ‘பவர்’ இருப்பதால் பாவம், பழி எஸ்எம்பிஎஸ் மீது விழுகிறது. மைக்ரோசாப்ட்டின் தளத்தில் ‘ஈவென்ட் ஐடி 41’ என்று தேடிச் சரிபார்க்கலாம்.

பதிவின் ‘டீடெயில்ஸ்’ பகுதியில் ‘பக்செக்கோட்’ (விண்டோஸின் பிழைக் குறியீடு) எண்ணைப் பாருங்கள். 0 இல்லையென்றால் விண்டோஸே பிழை கண்டு நின்றிருக்கிறது. அந்த எண்ணே துப்பு. 0 என்றால் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகம் நியாயம்தான், ஆனால் ராம், சூடு, ஓவர்கிளாக் (பாகங்களை நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டுவது) ஆகியவையும் வரிசையில் நிற்கின்றன. பணம் செலவழிக்கும் முன் பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துப் பாருங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளின் இலவசப் பதிப்பை இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.