பட்டம் விடணும்னா வெயில்லதான் போகணும்

கோடையில் ராஜஸ்தானின் பாலைவன ஊரான பிகானேருக்குப் போகிறேன் என்றாலே நம் ஆட்களுக்கு முகம் மாறிவிடுகிறது. பட்டம் விடப் போகிறேன் என்றால் கேட்கவே வேண்டாம். மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தை ஒட்டுக்கடையில் தே தாரிக் என்ற பால் தேநீர் ஆற்றுகிறவர் முதற்கொண்டு அறிவுரைதான். "அண்ணே, ராஜஸ்தானுக்கு ஜனவரியில போங்கண்ணே. பொங்கல் நேரம், குளுகுளுன்னு இருக்கும், பட்டமும் பறக்கும்." (2007இல் எங்கள் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எனக்கு வாயில் வருவது பழைய பெயர்தான்.)

அவர் சொன்னது ஜெய்ப்பூருக்குச் சரி, அகமதாபாத்துக்கும் சரி. மகர சங்கராந்திக்கு அங்கே வானத்தில் இடம் இருக்காது. பிகானேர் கணக்கு வேறு. தார் பாலைவனத்தில் இருக்கும் அந்த ஊரில் பட்டத் திருவிழா அட்சய திருதியைக்கு. ஏப்ரல் பிற்பாதியிலோ மே முற்பாதியிலோ வரும். வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும் நேரம். நமக்கு அட்சய திருதியை என்றால் நகைக்கடை விளம்பரம். அவர்களுக்கு அதற்கு முந்தின நாள் ஊர் பிறந்த நாள். ஜோத்பூர் மன்னர் ராவ் ஜோதாவின் மகன் ராவ் பிகா 1488இல் நிறுவிய ஊர் அது. மலாக்காவில் சுல்தான்கள் ஆண்டுகொண்டிருந்த காலம். அந்தப் பிறந்த நாளிலேயே ஊர் மொத்தமும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறது.

அந்த வெயிலில் நம்மால் முடியுமா என்று கேட்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். நம் தாத்தா பாட்டி எத்தனை மணிக்கு ரப்பர்த் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார்கள்? இருட்டிலேயே எழுந்து, விடியும்போது பால்மரத்தடியில் நின்றார்கள். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் அவர்கள் நாளே மரத்தின் நேரத்துக்கு ஓடியது. பிகானேரில் நான் பார்த்ததும் அதே புத்திதான். விடிவதற்குள் மாடியில் ஆள். உச்சி வெயிலில் பெரியவர்கள் கீழே இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தூக்கம். வெயில் தாழ்ந்ததும் மறுபடி மேலே, இருட்டும்வரை. இளவட்டங்கள் மட்டும் மதியத்திலும் இறங்கவில்லை. அவர்களை விடுங்கள், எந்த ஊரிலும் அப்படித்தான்.

என் கோபமெல்லாம் இங்கிருந்து ஆள் கூட்டிப்போகும் சுற்றுலாக்காரர்கள் மேல். பத்து மணிக்குக் கோட்டை, பன்னிரண்டு மணிக்கு ஒட்டகம், மூன்று மணிக்குக் கடைவீதி. காற்றும் வெளிச்சமும் கூடி வருகிற சாயங்காலம் எல்லாரையும் ஓட்டலுக்குக் கொண்டுபோய் பஃபே முன்னால் உட்கார வைப்பார்கள். ஊருக்கு வந்து எல்லாரும் சொல்வது என்ன? "அங்க மனுஷன் போவானா, ஒரே வெயில்!"

அப்புறம் பட்டம். நம் மலேசியப் பாரம்பரியப் பட்டமான வாவ் பூலான் ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும், கம்பீரமானது, ஏற நல்ல காற்று வேண்டும். 1989 முதல் வந்த பழைய 50 சென் காசைத் திருப்பிப் பாருங்கள், வாவ் இருக்கும். பிகானேர் பட்டம் அதற்கு நேர் எதிர். மெல்லிய தாள், நடுவில் ஒரு மூங்கில் குச்சி, குறுக்கே வளைத்த இன்னொன்று. வால் கிடையாது. நூலைத் தளர்த்தினால் பட்டத்தின் தலை சுற்றும். சுற்றும்போது மூக்கு எந்தப் பக்கம் வருகிறதோ, அந்த நொடியில் சுண்டி இழுத்தால் அந்தப் பக்கம் பாயும். வித்தையே அந்த நொடிதான். எனக்குச் சொல்லிக்கொடுத்த பக்கத்து மாடிப் பெரியவர் ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தார். அதையும் நூல் பாதி அறுத்து வைத்திருந்தது. அவர் மனைவி நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நூல் உருளையைப் பிடித்திருந்தார். கணவர் இழுத்த இழுப்பு பிடிக்காதபோதெல்லாம் அந்த அம்மா உருளையை நிறுத்திவிடுவார். நம் ஊரில் பட்டம் என்றால் பையன்கள் விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டோம்.

சூடான காற்று லேசானது, பட்டம் ஏறாது என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். லேசானதுதான். 30 டிகிரி காற்றைவிட 45 டிகிரி காற்றின் அடர்த்தி சுமார் 5 விழுக்காடு குறைவு. காற்று கொஞ்சம் வேகமாக வீசினாலே ஈடாகிவிடும். நம் பக்கத்தில் காலையில் இலை அசையாது, மதியத்துக்கு மேல் காற்று கிளம்பினால் பின்னாலேயே மழையும் வந்துவிடும். போதாக்குறைக்குச் சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. மட்டையில் விழுந்த பட்டத்தை முள்ளுக்குப் பயந்து யாரும் எடுப்பதில்லை.

பயப்பட வேண்டிய விஷயம் வேறு. நமக்கு வேர்த்து ஒழுகினால்தான் சூடு. அங்கே வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சட்டை நனையாது, தண்ணீர் போவதே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த ஊர்க்காரர்கள் திருவிழா அன்றைக்குக் கோதுமையிலோ கம்பிலோ கிச்சடா சமைத்து, இனிப்புப் புளித்தண்ணீரோடு சாப்பிடுகிறார்கள். கேட்டு வாங்கிக் குடியுங்கள். பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்கள் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பட்டச் சண்டைக்கு விற்கும் நைலான் மாஞ்சா நூல் வேண்டவே வேண்டாம். பருத்தி நூல் இழுத்தால் அறுந்துவிடும், நைலான் அறாது. பறவையின் சிறகும் மோட்டார் சைக்கிளில் போகிறவர் கழுத்தும்தான் அறும். இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடை போட்டும் ரகசியமாக விற்கிறார்கள். கடைக்காரர் "ஸ்ட்ராங்கு சார்" என்று குரலைத் தாழ்த்தினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

போகிறவர்கள் முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், அப்புறம் டிக்கெட் போடுங்கள். ஜெய்ப்பூரிலிருந்து பிகானேருக்கு ரயில் இருக்கிறது. அறை எடுக்கும்போது நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, பழைய ஊருக்குள் மொட்டை மாடி உள்ள வீடாகக் கேளுங்கள்.