வாசலில் போகும் பஸ், ஏறத்தான் வழியில்லை

திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டை சாலையில்தான். காரைக்குடி பஸ்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. ஆனால் கை காட்டினால் எல்லா பஸ்ஸும் நிற்பதில்லை. "பஸ் ஸ்டாண்டுல போய் ஏறிக்கங்கண்ணே" என்று படியில் நின்றபடியே கண்டக்டர் கையை ஆட்டிவிட்டுப் போகிறார். தெற்கே போக வேண்டியவன் எதற்கு வடக்கே போய், அதே வழியில் திரும்பி வரணும்?

2024இல் திறந்த புது முனையம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து வரும் அப்பத்தா அங்கிருந்து மெயின் ரோடு வரை பெட்டியை இழுத்து வந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயிலில் நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

காரைக்குடிக்கு முன்னாலேயே வரும் கானாடுகாத்தானில் அறை போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். செட்டிநாட்டு வீடுகளை ஓட்டலாக்கி உலகத்தையே அழைக்கிறோம். சரி, வருகிறவர்கள் எப்படி வந்து சேர்வார்கள்? விரைவு பஸ் நெடுஞ்சாலையிலேயே போய்விடும்; காரைக்குடியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, வந்த பாதையிலேயே திரும்ப வேண்டும். ராத்திரி என்றால் டாக்ஸிக்காரர் சொன்னதுதான் விலை. மதுரை விமான நிலையத்தில் இறங்கினாலும் முதலில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த்தான் ஏறணும்.

விமான நிலைய வாசலில் ஒரு நிறுத்தம், காரைக்குடி பஸ் நேரம் எழுதிய ஒரு பலகை. இதைக்கூடச் செய்யக் கூடாதா?