ஜன்னல் திறந்திருந்தால் ஜெனரேட்டர் ஆபத்தில்லையா?

மொபைல் ஹோமில் (தொழிற்சாலையில் கட்டி, இழுத்து வந்து நிறுத்தும் வீடு) கரண்ட் போனால் ஜெனரேட்டரை வீட்டுக்கு அடியிலோ வாசல் திண்ணையிலோ வைத்து ஓட்டலாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. தவறு, அதுவும் உயிரை எடுக்கிற தவறு.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் லேசான தலைவலி, குமட்டல். சரி, தூங்கினால் போய்விடும் என்று படுப்பவர் எழாமலே போகலாம். மொபைல் ஹோம் தரையிலிருந்து தூக்கி நிற்பது. அடியில் தேங்கும் புகை, குழாயும் ஒயரும் நுழையும் ஓட்டைகள் வழியே மேலேறும். திறந்த ஜன்னலோ அதற்கு இன்னொரு வாசல்!

வெட்டவெளியில், குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள். உள்ளே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும்.

அப்புறம், ஜெனரேட்டரிலிருந்து, இரு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகச் சொல்வதும் அதே செய்திதான். சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (வெளி லைனைத் துண்டித்து வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச்) இல்லாமல் அப்படிச் செய்தால் மின்சாரம் வெளி லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கும்.