பச்சை டிக்கை நம்பி மோசம் போனேன்

எட்டு மாதம். எட்டு மாதமாக, எங்கள் கோடைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் 'பாஸ்' என்று பச்சையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அது எதையுமே சோதிக்கவில்லை என்பது நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குத்தான் தெரிந்தது.

விஷயம் சின்னது. ரீஃபண்ட் தொகை மைனஸில் வந்தால் ஃபங்ஷன் எரர் எறிய வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் கோடைச் சோதிக்கும் டூலான ஜெஸ்ட்டில் அதற்கு ஒரு டெஸ்ட். 'இது எரர் எறிய வேண்டும்' என்று சொல்லும் எக்ஸ்பெக்ட், ரிஜெக்ட்ஸ், டுத்ரோ எல்லாம் வரிசையாக இருக்கிறது. முன்னால் 'முடியும்வரை காத்திரு' என்று சொல்லும் ஒரு அவெய்ட் மட்டும் இல்லை, ரிட்டர்னும் இல்லை. ப்ராமிஸ் (பிறகு வரப்போகும் பதில்) முடிவதற்குள் டெஸ்ட் முடிந்து டிக் விழுந்துவிடும். எரர் வந்ததா வரவில்லையா என்று பார்க்க அங்கே ஆளே கிடையாது. சாயங்காலமே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் நைட் வாட்ச்மேன் மாதிரி!

சரி, மற்றதையும் பார்ப்போம் என்று கிளறினேன். கிளறியிருக்கக் கூடாது.

புதுசாகச் சேருகிறவர்கள் எக்ஸ்பெக்ட்டுக்குள் ஃபங்ஷனை நேராகவே கூப்பிட்டுவிடுவார்கள். எக்ஸ்பெக்ட் கைக்கு எதுவும் போய்ச் சேருவதற்குள் எரர் வெடித்துவிடும். எக்ஸ்பெக்ட் தானே கூப்பிட்டுப் பார்க்கும்படி அதை ஒரு ஆரோ ஃபங்ஷனுக்குள் (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) சுற்றிக் கொடுக்க வேண்டும். ஆனால் அதிலாவது சிவப்பு வரும், மரியாதையான தப்பு. அதன் மேல் எனக்குக் கோபமே இல்லை.

என் ரத்தம் கொதித்தது இன்னொன்றைப் பார்த்து. ஒரு ஃபங்ஷனுக்கு யாரோ பெயர் மாற்றிவிட்டார்கள். டெஸ்ட் ஃபைலில் பழைய பெயரிலேயே இம்போர்ட். அது அன்டிஃபைன்ட், அதாவது அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை. கூப்பிட்டால் 'இது ஃபங்ஷனே இல்லை' என்று டைப்எரர். உள்ளே ஒன்றும் கொடுக்காத வெறும் டுத்ரோவுக்கு அதுவே போதும்: எரர் வந்ததா, வந்தது, பாஸ்! இல்லவே இல்லாத ஃபங்ஷனுக்குப் பாஸ்! வேலிக்கு ஓணான் சாட்சி. உள்ளே 'எரர்' கிளாஸைக் கொடுத்திருந்தாலும் இதே கதிதான், டைப்எரரும் அதன் பிள்ளைதானே. நமக்கென்று ஒரு எரர் கிளாஸ் எழுதி அதைக் கொடுங்கள், இல்லை மெசேஜில் நாலு வார்த்தையாவது கொடுங்கள் என்று ரிவ்யூவில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அப்புறம் ட்ரை-கேட்ச் கோஷ்டி. எரர் வந்தால்தான் ஓடும் கேட்ச்சுக்குள் மட்டும் எக்ஸ்பெக்ட். எரரே வரவில்லை என்றால்? கேட்ச் பக்கமே போகாது, அதுவும் பச்சைதான். 'ஒரு சோதனை கட்டாயம் ஓடியிருக்க வேண்டும்' என்று சொல்லும் எக்ஸ்பெக்ட் டாட் அசர்ஷன்ஸ், 1 என்று மேலே ஒரு வரி போட என்ன கேடு?

விட்டுப்போன அவெய்ட்டை எல்லாம் பிடித்துக் கொடுக்க கோடில் தப்புத் தேடும் ஈஎஸ்லிண்ட்டில் ஜெஸ்ட் ப்ளகின் இருக்கிறது, 'வேலிட்-எக்ஸ்பெக்ட்' என்று அதற்கு ரூலே இருக்கிறது. எங்கள் ரெப்போவிலும் இருந்தது. ஆஃப் செய்து வைத்திருந்தார்கள், 'நிறைய வார்னிங் வருகிறது' என்று ஒரு கமெண்ட்டோடு.

விடிய விடிய எல்லாவற்றையும் திருத்தினேன். பதினான்கு டெஸ்ட் சிவப்பானது. காலை ஸ்டாண்டப் மீட்டிங்கில் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "நேத்து வரைக்கும் எல்லாம் பச்சையாத்தானே இருந்துச்சு, நீங்க என்னத்த தொட்டீங்க?"