பழகிருச்சு ஆத்தா

எங்கள் சித்தப்பா புதுவயலில் ஒரு ரைஸ்மில்லில் 22 வருஷமாக வேலை பார்க்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் தவிடு அப்பியிருக்கும். திண்ணையில் பக்கத்தில் இருப்பவரிடம்கூட தெருமுனை வரை கேட்கிற மாதிரிதான் பேசுவார். "அந்தச் சத்தத்துல எப்படி நிக்கிறீங்க சித்தப்பா?" என்று கேட்டால், "அதெல்லாம் பழகிருச்சு ஆத்தா" என்பார். காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன மாசம் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். பிரஷர் 180/110. அதற்கு முன் அவர் பிரஷரே பார்த்ததில்லை.

சத்தத்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வயது இருக்கிறது, பீடி இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் பெரிய இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு ரத்தக்கொதிப்பும் இதய நோயும் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரைச்சலை உடம்பு ஆபத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கும், ரத்தக்குழாய் சுருங்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும். நமக்குப் பழகிவிட்டதாகத் தோன்றும்போதும் உள்ளே இது நடந்துகொண்டே இருக்கும்.

நம் நாட்டு விதிப்படி 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு; டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு. 93 என்றால் மூன்றுதானே கூட என்று நினைக்கக்கூடாது, ஒலியின் ஆற்றல் அங்கே இரண்டு மடங்கு. கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அது ஆபத்தான சத்தம். சித்தப்பாவும் அவர் கூட்டாளியும் அரிசி தீட்டுகிற பாலிஷர் மெஷின் பக்கத்தில் பேசிக்கொள்வதே இல்லை, எல்லாம் கைச்சாடைதான்.

சட்டப்படி, தொழிற்சாலை இரைச்சலால் காது கேட்காமல் போவது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ரத்தக்கொதிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் காதையாவது என்றைக்காவது சோதிப்பார்கள், நெஞ்சை யாரும் கேட்பதில்லை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மில் முதலாளிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தேய்ந்த பேரிங்கை மாற்றினாலே சத்தம் குறையும். ஆடுகிற தகரத்தை முடுக்கலாம், காற்று ஊதுகிற புளோயருக்குத் தனியாக ஒரு சுவர் வைக்கலாம். நல்ல காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். எல்லோரும் பஞ்சுதான் வைத்துக்கொள்கிறார்கள், பஞ்சு இந்தச் சத்தத்துக்குத் தாங்காது.

அப்புறம் ஒன்று. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், நல்ல திட்டம். ஆனால் எங்கள் தெருவுக்கு அவர்கள் வருவது பகலில், அப்போது சித்தப்பா மில்லில் இருப்பார். மெஷினை நிறுத்துகிற சாப்பாட்டு நேரத்தில் அதே கருவியோடு மில்லுக்கு ஒரு நடை வரச்சொல்லி, முதலாளிமார்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.