கல்யாண நாள் யாருக்கு?

தாய்லாந்துக்காரரைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இந்தப் புலம்பல் வந்துவிடும்: "கல்யாண நாளெல்லாம் இவங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை." ஐரோப்பியக் கணவர்கள் அதிகம் சொல்வார்கள். இங்கே வாழ்க்கைப்பட்ட நம் ஊர்ப் பெண்களும் சொல்வதுண்டு. நான் தாய்லாந்துக் கணவரோடு பாங்காக்கில் குடித்தனம் நடத்துகிறவள். அந்த நாளை இவர்கள் நன்றாகவே மதிக்கிறார்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அது இரண்டு பேருக்கு மட்டுமான நாள் என்று இவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. சண்டையெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில், எந்தத் தேதி? பிக்குகள் ஓத, பெரியவர்கள் சங்கிலிருந்து மணமக்கள் கைகளில் நீர் வார்க்கும் சடங்கு ஒரு நாள். அரசு அலுவலகத்தில் பதிவு இன்னொரு நாள். சட்டத்துக்குப் பதிவுதான் திருமணம், ஊருக்குச் சடங்குதான் திருமணம். இரண்டுக்கும் நடுவே வருடக்கணக்கில் இடைவெளி விட்டவர்களும் இருக்கிறார்கள். சான்றிதழிலோ புத்த சகாப்த ஆண்டு இருக்கும். 2017இல் பதிந்தால் அது 2560. சடங்குக்கு நாள் பார்ப்பதும் உண்டு. ஜூலைவாக்கில் தொடங்கும் மூன்று மாத மழைக்கால நோன்பைப் பழைய ஆட்கள் தவிர்ப்பார்கள், நாம் ஆடியைத் தவிர்ப்பதுபோல. ஜோடி சேரும் விஷயம் என்பதால் சந்திர மாதங்களில் இரட்டைப்படை மாதமாகப் பார்ப்பார்கள். எனக்குத் தாலி ஏறியது திருச்சியில், கையில் வெள்ளை நூல் கட்டியது வடகிழக்குத் தாய்லாந்தின் கோன் கேனில், கையெழுத்துப் போட்டது பாங்காக்கில். இதில் எதை ஃபோனில் நினைவூட்டலாகப் போடுவது?

2025 ஜனவரி 23 அன்று ஒருபாலினத் திருமணச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே ஏராளமான ஜோடிகள் வரிசையில் நின்று பதிவு செய்தார்கள். எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கும் அரசு கணக்கில் முதலாண்டு நிறைவு 2026 ஜனவரியில்தான். அவர்களிடம் போய் 'முதல் கல்யாண நாள் வாழ்த்துகள்' என்று சொன்னால் சிரிப்பார்களா, முறைப்பார்களா?

தாய்லாந்துக்காரர்களுக்குக் காதலைக் கொண்டாடத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 'ராக்' என்றால் இவர்கள் மொழியில் காதல். பெயரிலேயே காதல் இருக்கிறது என்பதற்காக, பிப்ரவரி 14 அன்று பாங்காக்கின் பாங் ராக் மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்ய அவ்வளவு கூட்டம் வரும். நம் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. சென்ட்ரல் வேர்ல்டு வணிக வளாகத்துக்கு முன்னால் திரிமூர்த்தி சன்னதி ஒன்று உண்டு. வியாழக்கிழமை இரவு ஒன்பதரைக்குச் சிவப்பு ரோஜாவோடு போய் நின்றால் காதல் கைகூடும் என்று இளசுகள் குவிகிறார்கள். படைத்து, காத்து, அழிக்கிறவர்களிடம் காதலுக்கு மனுப்போடலாம் என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும்!

கல்யாண நாள் என்றால் இங்கே என்ன என்பது கல்யாணச் சடங்கைப் பார்த்தாலே விளங்கிவிடும். அன்று காலை மணமக்கள் ஒரே கரண்டியைச் சேர்ந்து பிடித்துப் பிக்குகளின் பாத்திரத்தில் சோறு இடுவார்கள். யார் கை மேலே இருக்கிறதோ அவர் பேச்சுதான் வீட்டில் எடுபடும் என்று ஒரு நம்பிக்கை. அதற்காக ஒரு சின்னத் தள்ளுமுள்ளும் நடக்கும். சேர்ந்து செய்த புண்ணியம் அடுத்த பிறவியிலும் சேர்த்துவைக்கும் என்பது உள்ளே இருக்கிற எண்ணம். அதனால்தான் வருடா வருடம் அந்த நாள் வந்தால் பல ஜோடிகள் காலையிலேயே கோயிலுக்குப் போகிறார்கள். சோப்பு, பல்பொடி, மருந்து எல்லாம் அடுக்கிய மஞ்சள் வாளியைச் சங்கதானமாகக் கொடுப்பார்கள். செத்துப்போன தாத்தா பாட்டிக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு போகட்டும் என்று நீர் ஊற்றுவார்கள். ஆற்றில் மீன் விடுவார்கள். அப்புறம் அம்மா அப்பாவைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு ஜெர்மன்காரர் சாவ் பிரயா ஆற்றங்கரை ஹோட்டலில் இரண்டு பேருக்கு மேசை பிடித்து வைத்திருந்தார். மனைவி கேட்ட முதல் கேள்வி, "அம்மாவையும் கூப்பிடலாமா?" மனிதர் நொந்துபோய்விட்டார். அந்தப் பெண் காதலில் குறை வைக்கவில்லை. அவளுக்கு அது மகிழ்ச்சியான நாள், மகிழ்ச்சியான நாளில் அம்மா இல்லாமல் எப்படி? நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

தங்கத்திலும் இதே கதை. பூங்கொத்தும் வாழ்த்து அட்டையும் வாங்கிப்போகிற கணவர், அவள் முகத்தில் பெரிய வெளிச்சம் காணாமல் சோர்ந்துவிடுகிறார். அவளுக்குக் கால் பாட் எடையில் ஒரு மோதிரம் போதும். இங்கே நகைக்கடையில் ஒரு பாட் என்றால் 15.16 கிராம், நம் இரண்டு சவரனுக்குச் சற்றுக் குறைவு. அதில் 96.5 சதவீதம் தங்கம். அவசரம் என்றால் அதே கடையில் விற்றுக்கொள்ளலாம். இதைப் பேராசை என்கிறவர்கள் பாங்காக்கில் தங்கக் கடைகள் நிறைந்த யாவோராட் தெருவில் ஒரு மாலை நின்று பார்க்கட்டும். கஷ்டகாலத்தில் கைகொடுக்கும் பொருளைக் கொடுப்பதும் அன்புதான் என்று நம் பாட்டிமார் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள்.

சின் சோட் என்கிற மணப்பணம் மட்டும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. மாப்பிள்ளை பெண்ணின் பெற்றோருக்குக் கொடுப்பது அது. நம் வரதட்சணைக்கு எதிர்த்திசை. சிவில் சட்டத்தின் 1437ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பல குடும்பங்கள் பிறகு மணமக்களிடமே திருப்பிக் கொடுத்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் தட்டில் பரப்பிய நோட்டைச் சுற்றிப் படமெடுப்பதைக் காணும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். என் அப்பா அந்தத் தட்டைக் கண்டு மிரண்டதை இன்னும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

தெருவில் முத்தம், பெரியவர்கள் முன்னால் தோளில் கை, இதெல்லாம் இவர்களுக்கு ஆகாது. வீட்டுக்குள் கன்னத்தை மூக்கால் அழுத்தி முகர்வார்கள். பிள்ளையை உச்சி முகர்ந்து வளர்க்கிற நமக்கு அதன் சுகம் சட்டென்று பிடிபடும். சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் பொதுவாக வைத்த மீனில் நல்ல சதையாகப் பார்த்து எடுத்து நம் தட்டில் வைப்பார்கள், பேச்சு வேறெதிலோ ஓடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் மெச்சுகிறேன் என்பதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. "எங்கள் வழக்கம் செய்கையில் காட்டுவது, வாயால் சொல்வதில்லை" என்பதைச் சோம்பேறித்தனத்துக்குப் போர்வையாக்கும் தாய்லாந்துக் கணவர்கள் நிறைய. நம் ஊர் ஆண்களிடமும் இதே போர்வை உண்டு, அவர்களுக்கும் இது கேட்கட்டும். தோழியின் பிறந்தநாளுக்கு முகநூலில் பத்து வரி எழுதத் தெரிகிற ஆளுக்குப் பெண்டாட்டியிடம் இரண்டு வார்த்தை பேச வராதா என்ன? மறுபக்கம், அட்டையும் ரோஜாவும் வராவிட்டால் அன்பே இல்லை என்று தீர்ப்பெழுதும் வெளிநாட்டவர்களும் எனக்குச் சலிப்புத்தான். மாமியாருக்கு மாதாமாதம் பணம் அனுப்பச் சொல்வதைக் கறக்கிற வேலை என்கிறார்கள். மாமியாரைக் கவனித்தால் மனைவி குளிர்ந்துபோவதைப் பக்கத்திலேயே இருந்தும் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. விடியற்காலையில் பிக்குகளுக்குச் சோறு இடுவது அவர் பங்கு. கரண்டியில் என் கைதான் மேலே. ராத்திரி வெளியே சாப்பாடு என் பங்கு. அவர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, "நீ கிடைத்தது நல்லதாப் போச்சு" என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். இந்த வருடமும் மேசை சொல்லியாகிவிட்டது. மூன்று பேருக்கு. மாமியார் கோன் கேனிலிருந்து ராத்திரி பஸ் ஏறிவிட்டார்.