சூரிச்சில் கடல் இல்லை

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் அதை எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள், என்னவோ நான் அங்கே இல்லாதது மாதிரி. அதனால் முழுசாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. 1914-ல் சென்னை மீது குண்டு போட்ட எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையும் இருந்தார் என்று மேடையில் ஒருவர் முழங்கினார். நான் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் எந்த ஊரில் ஏறினார்?" வந்த பதில்: "பெரியவர் வெள்ளைக்காரனிடம் பென்ஷன் வாங்குகிறார் போலிருக்கிறது." மண்டபமே சிரித்தது. மைக் என் கையை விட்டுப் போனது. கேள்வி மட்டும் அங்கேயே கிடக்கிறது.

எந்த ஊரில் ஏறினார்?

1914 ஜூலை 31 அன்று எம்டன் சீனக் கரையில் இருந்த சிங்தாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. ஆகஸ்ட்டில் பசிபிக்கில் பாகன் தீவருகே மற்ற ஜெர்மன் கப்பல்களோடு சேர்ந்து, அங்கிருந்து தனியாகப் பிரிந்து, செப்டம்பரில் வங்காள விரிகுடாவுக்கு வந்தது. கூடவே வந்த மார்க்கோமானியா என்ற கப்பலிலிருந்து நடுக்கடலில் நிலக்கரி ஏற்றிக்கொண்டது. ஐரோப்பா பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செண்பகராமன் பிள்ளையோ அப்போது சூரிச்சில் இருக்கிறார். 1914-ல் அங்கே இந்திய விடுதலைக்காக ஒரு குழுவை அமைத்து அதன் தலைவராக இருந்தார். அக்டோபரில்தான் பெர்லின் போனார். சென்னையில் குண்டு விழுந்தது செப்டம்பர் 22 இரவு. சூரிச் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்குக் கடலே கிடையாது. இதைச் சொல்ல வரலாற்றில் எம்.ஏ. வேண்டாம், ஐந்தாம் வகுப்பு வரைபடம் போதும்.

ஆனால் பேச்சாளர் விடவில்லை. பிள்ளை கப்பலின் மேல்தளத்தில் நின்றாராம், "அது என் மக்கள் வாழும் பக்கம், அங்கே சுடாதே, எண்ணெய்த் தொட்டியை மட்டும் சுடு" என்று விரலால் காட்டினாராம். இருட்டில், இரவு ஒன்பதரை மணிக்கு மேல். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

உண்மையில் நடந்தது இதைவிடச் சுவாரசியமானது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வங்காள விரிகுடாவில் ஒரு ஜெர்மன் கப்பல் திரிகிறது என்று ஒரு வாரத்துக்கு முன்பே பிரிட்டிஷாருக்குத் தெரியும். பிடிபட்ட கப்பல்களின் ஆட்களைக் கபிங்கா என்ற கப்பலில் ஏற்றிப் பத்திரமாக அனுப்பி வைத்தவரே எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர்தான். அப்படியும் சென்னைத் துறைமுகத்தில் விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் கரையோரமாக நின்றன. எம்டன் தன் சர்ச்லைட்டை அடித்துப் பார்த்து 120-க்கும் மேல் குண்டு போட்டுவிட்டுப் போயே போய்விட்டது. யாரும் விரல் காட்ட வேண்டியிருக்கவில்லை. கிழக்குத் துறைமுகங்களைப் பற்றித் தெரிந்த ஆள் வேண்டுமென்றால், வணிகக் கப்பலில் பல வருடம் கேப்டனாக இருந்த லவுட்டர்பாக் என்ற ஜெர்மன்காரர் கப்பலிலேயே இருந்தார். அவர் கதை தனி சினிமா. பிறகு பிடிபட்டு, சிங்கப்பூரில் கைதியாக இருந்து, 1915 சிப்பாய்க் கலகத்தின்போது தப்பி ஓடினார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா? ம்ஹும்.

சரி, இனி கமெண்ட்டில் என்னவெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும்.

"மாறுவேடத்தில் இருந்திருக்கலாமே?" இருந்திருக்கலாம். நானும்கூட இருந்திருக்கலாம்.

"எல்லாம் வெள்ளைக்காரன் எழுதிய ஆவணம்." இதற்குத்தான் எனக்கு ரொம்பக் கோபம் வருகிறது. எம்டனுக்குள் நடந்ததை எழுதியவர்கள் பிரிட்டிஷார் அல்ல, அந்தக் கப்பலில் இருந்த ஜெர்மன்காரர்கள். முதல் அதிகாரி முக்கே ஒரு சிறு குழுவோடு கோகோஸ் தீவிலிருந்து ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலில் தப்பி, அரேபியா வழியாகத் துருக்கி போய்ச் சேர்ந்து, 1915-லேயே புத்தகம் எழுதினார். கப்பலில் இருந்த இளவரசர் ஃபிரான்ஸ் யோசஃப் தனியாக ஒன்று எழுதினார். துணி வெளுக்கச் சீனர்கள் இருந்தது வரைக்கும் பதிவாகியிருக்கிறது. பிள்ளை இல்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த நேரத்தில் பெர்லின் அரசு இந்தியப் புரட்சியாளர்களைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தது. எங்கள் போர்க்கப்பலில் ஒரு இந்தியரே நின்று சென்னையைச் சுட வைத்தார் என்றால் தமுக்கு அடித்து ஊரெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்களா? ஒளிக்க வேண்டிய அவசியம் யாருக்கு இருந்தது?

"நெருப்பில்லாமல் புகையுமா?" புகையும். பிள்ளை பின்னால் ஜெர்மனியில் இருந்து பிரிட்டனுக்கு எதிராக வேலை செய்தார். எம்டன் ஜெர்மன் கப்பல். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஒரு திண்ணை போதும். இலங்கையில் இதே எம்டன் புரளி ஒரு மனிதரைச் சிறைக்கே அனுப்பியது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டுக் கைதியாக வந்து யாலா காட்டுக்குக் காவலராக இருந்தவர் எங்கல்பிரெக்ட். எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கம்பி எண்ணினார். பொய் என்று தெரிய வந்தபோது மனிதர் உயிரோடு இல்லை. கட்டுக்கதையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் அவரைக் கேளுங்கள்.

"இளைஞர்களுக்கு ஊக்கம் வேண்டாமா?" இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 24 வயதில் காபூலில் அமைந்த நாடுகடந்த இந்திய அரசுக்கு வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டவர் அவர். 1934-ல் பெர்லினிலேயே இறந்தார். இது போதாதா உங்களுக்கு? ஏறாத கப்பலில் ஏற்றினால்தான் மரியாதையா? அவர் நிஜமாகச் செய்தது எதையும் ஞாயிற்றுக்கிழமை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரமும் கப்பல், கப்பல், கப்பல்.

"உனக்கு என்ன தகுதி?" வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பென்ஷன் கொடுப்பது வெள்ளைக்காரன் இல்லை. போதுமா?

அவமதிக்கிறேன் என்கிறார்கள். நான் எம்டன் கதையில் வளர்ந்தவன் ஐயா. எங்கள் கொள்ளுத் தாத்தா ராயபுரத்தில் இருந்தவர். குண்டு விழுந்த மறுநாள் மாட்டுவண்டி கட்டிக் குடும்பத்தோடு திருவள்ளூர் பக்கம் ஓடியவர்களில் அவரும் ஒருவர். வீட்டில் அடம்பிடிக்கும் பிள்ளைக்கு "எம்டன்" என்றுதான் பெயர். உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் இருக்கும் எம்டன் கல்வெட்டைப் பார்க்க என்னைத் தோளில் தூக்கிப் போனவர் பெரியப்பா. அவர் வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புத் துண்டு ஒன்று இருந்தது. எம்டன் குண்டின் சில்லு, தாத்தா பொறுக்கி வந்தது என்பார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். தூக்கிப் பார்க்கச் சொல்வார்.

எனக்கு முப்பது வயதிருக்கும்போது அதை எடுத்துப்போய்ப் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். அவர் துருவைச் சுரண்டி உள்ளே அச்சடித்த எழுத்தைக் காட்டினார். உடைந்த எடைக்கல்லின் பாதி. வீட்டுக்கு வந்து, ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்த பெருமையில், ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் கூடியிருந்த இடத்தில் அதைச் சொன்னேன். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் பல வருடம் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

ஆக, கதை உடைந்தால் வலிக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் சிரித்தவர்களில் நான் முப்பது வருடமாகப் பழகும் நண்பர் ஒருவரும் இருந்தார். இரவு போன் செய்து "விடுப்பா, கதைதானே" என்றார். துறைமுகத்தில் அன்று குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள், அவர்களில் ஒருவர் பெயராவது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். மேடையில் இருந்த யாருக்கும் தெரியாது.

பெரியப்பா போன பிறகு பெரியம்மா அந்த இரும்பை எனக்குத்தான் கொடுத்தனுப்பினார். பழைய வேட்டித் துணியில் சுற்றி, மேலே பெரியப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: "எம்டன், 22-9-1914." அதைக் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து கேட்டால் எடைக்கல் என்றுதான் சொல்வேன்.